மரத் தானிய எலிவேட்டர்: பலகையைப் படுக்கப்போட்டு அடித்தது ஏன்? ஏன் ஒழிந்தது?

#1 சணல்பை

கனடாவின் பிரெய்ரி மாகாணங்களில் (மனிட்டோபா, சஸ்காச்சுவான், ஆல்பர்ட்டா) ரயில் பாதையோரம் நிற்கும் தானிய எலிவேட்டர்களை, அதாவது தானியத்தை மேலே ஏற்றிச் சேமித்து ரயில் வேகனில் நிரப்பும் மரக் கோபுரங்களைப் பற்றிச் சில சந்தேகங்கள். படங்களில் வெளிப்புறம் மட்டும்தான் தெரிகிறது. உயரமான பெட்டி, அதன் மேல் சின்னதாக ஒரு தலை, பக்கத்தில் வண்டி ஏறும் சாய்தளம்.

செங்குத்தாகச் சட்டம் நட்டு அதன் மேல் பலகை அடிப்பதுதானே வழக்கம்? இதில் 2×6 அங்குலப் பலகைகளைப் படுக்கப்போட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக ஆணியடித்து ஏற்றியிருக்கிறார்கள். எதற்கு இவ்வளவு மரம்? தானியம் உள்ளே எந்த வழியாகப் போகிறது, எந்த வழியாக வெளியே வருகிறது? 1930களில் 5,700க்கும் மேல் இருந்தவற்றில் இன்று நிற்பது கொஞ்சம்தான் என்கிறார்கள். மரம் என்பதால் தீப்பிடித்தும் உளுத்தும் போயிருக்கும் என்பது என் ஊகம். சரிதானா?

#2 பட்டறைத்தச்சன்

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

அந்தக் கோபுரத்தை ஒரு கட்டடம் என்று நினைக்காதீர்கள். பதினைந்து இருபது தானிய அறைகளை, அதாவது குதிர்களை, ஒன்றுசேர்த்துக் கட்டிய ஒரே கட்டு அது. வெளிச்சுவரும் குதிர்ச்சுவர்தான், நடுவில் ஓடும் தடுப்புகளும் குதிர்ச்சுவர்தான். சுவர்கள் சந்திக்கும் இடத்தில் ஒரு வரிசையில் இந்தப் பலகை நீண்டு வெளியே வரும், அடுத்த வரிசையில் அந்தப் பலகை. விரல் கோத்த மாதிரி மூலை பூட்டிக்கொள்ளும். கம்பியோ கொளுக்கியோ தேவையில்லை.

ஏன் படுக்கப்போட வேண்டும்? அழுத்தத்தைக் கணக்குப் பார்த்தால் தெரியும். 10 அடிக்கு 10 அடி குதிர், 40 அடி ஆழம், முழுக்கக் கோதுமை என்று வைத்துக்கொள்ளுங்கள். கோதுமை கன அடிக்குச் சுமார் 48 பவுண்டு. அது தண்ணீரைப் போல் நடந்துகொண்டால் அடியில் பக்கவாட்டு அழுத்தம் சதுர அடிக்கு 1,900 பவுண்டைத் தாண்டும், எந்தப் பலகையும் நிற்காது. தானியம் அப்படி நடந்துகொள்வதில்லை, சுவரில் உராய்ந்து தொங்குகிறது. 1895-இல் ஜெர்மானியப் பொறியாளர் யான்சன் கொடுத்த சூத்திரப்படி, இந்த அளவுக் குதிரில் பக்கவாட்டு அழுத்தம் 300 பவுண்டுக்குப் பக்கத்தில் போய் நின்றுவிடும். அதற்கு மேல் எவ்வளவு ஆழமாக்கினாலும் அழுத்தம் ஏறாது.

பக்கவாட்டில் மிச்சமான சுமை கீழ்நோக்கி இறங்குகிறது. அந்தக் குதிரில் மொத்தம் 1,92,000 பவுண்டு தானியம். அதில் மூன்றில் இரண்டு பங்கை உராய்வு வழியாகச் சுவர்களே தாங்குகின்றன, ஒரு பங்குதான் அடித்தளத்தில் உட்காருகிறது. ஆக, சுவர் வளையவும் கூடாது, நசுங்கவும் கூடாது. படுக்கப்போட்ட பலகை 6 அங்குல அகலத்தைத் தானியத்துக்கு எதிராகக் காட்டுகிறது. அதே பலகையை உறையாக நிறுத்தி அடித்தால் எதிர்நிற்பது 2 அங்குலம் மட்டும். வளைவை எதிர்க்கும் விறைப்பு கனத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும் என்பதால், 2-க்கும் 6-க்கும் இடையில் வித்தியாசம் 27 மடங்கு.

அழுத்தம் கூடுதலான கீழ்ப்பகுதியில் 2×8, நடுவில் 2×6, மேலே 2×4 என்று பலகை குறைந்துகொண்டே போகும். ஆணி மேல்பலகையைத் துளைத்துக் கீழ்ப்பலகைக்குள்ளும் நன்றாக இறங்க வேண்டும். ஒரு வரிசை ஆணிக்கு நேர் மேலே அடுத்த வரிசை ஆணி வரவே கூடாது, தள்ளித் தள்ளித்தான் அடிக்க வேண்டும். ஒரு அடி உயரத்துக்கு ஆறேழு வரிசை என்றால் 40 அடிக்கு முந்நூறை நெருங்கும். ஒவ்வொரு வரிசையிலும் வெளிச்சுவர், உள்சுவர் அத்தனையும்! ஆணி பீப்பாய் பீப்பாயாகப் போனதில் வியப்பில்லை. மரத்தில் பெரும்பங்கு பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து ரயிலில் வந்த ஃபர் என்னும் ஊசியிலை மரம்.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. மரம் நீளவாட்டில் சுருங்குவது மிகக் குறைவு, கனவாட்டில்தான் சுருங்கும். இங்கே சுவரின் மொத்த உயரமும் கனவாட்டு அடுக்கு. பச்சை மரம் உலர்ந்து 2 சதவீதம் சுருங்கினாலே 40 அடிச் சுவர் 9 அங்குலத்துக்கு மேல் இறங்கிவிடும், அதன்மேல் பாரம் அமுக்குவது வேறு. தரையிலிருந்து உச்சிவரை விறைப்பாக எதையும் பொருத்தினால் அது கூரையை முட்டித் தூக்கும், அல்லது தானே நெளியும்.

#3 வன்னிக்குருவி

தானியம் போற வழியை நான் சொல்லுறன்.

வண்டி சாய்தளத்தில ஏறி உள்ளுக்குள்ள வரும். அது நிக்கிற இடமே எடைமேடை. முதல்ல பாரத்தோட எடை. பிறகு வண்டியின்ர முன்பக்கத்தைத் தூக்கிச் சரிச்சால், பின்கதவு வழியாக் கோதுமை தரையில இருக்கிற கம்பிச் சட்டத்துக்குள்ளால குழிக்குள்ள விழும். வெறும் வண்டியைத் திரும்ப நிறுத்துவினம். ரெண்டு எடைக்கும் இடையில உள்ள வித்தியாசம்தான் மொத்தத் தானியம். புஷல் எண்டது தானியம் அளக்கிற அளவு, அதின்ர எடை தானியத்துக்குத் தானியம் மாறும்: ஒரு புஷல் கோதுமை 60 பவுண்டு, பார்லி 48, ஆளிவிதை 56, ஓட்ஸ் 34.

கொட்டேக்கையே எலிவேட்டரை நடத்துற ஏஜென்ட் மாதிரித் தானியம் எடுப்பார். சல்லடையில சலிச்சு, களைவிதை, பதர், உடைசல் நூற்றுக்கு எவ்வளவு எண்டு பார்த்து அந்தக் கழிவை எடையில குறைப்பார். ஈரப்பதமும் பார்க்கவேணும். கோதுமைக்கு 14.5 சதவீதம் வரை உலர்ந்தது எண்டு கணக்கு. அதுக்கு மேல 17 வரை ஒரு தரம், 17 தாண்டினால் வேற தரம், விலையும் அதுக்கேற்ற மாதிரி இறங்கும். ஈரமானதைத் தனிக் குதிரில போடாட்டி உள்ளுக்குள்ள சூடேறிக் கருகிப்போகும். சூடேறத் தொடங்கினால் அந்தக் குதிரைத் திறந்து, தானியத்தை ஒருக்கா மேல ஏத்தி வேற குதிரில விடவேணும். வழியில காத்துப் படும், கட்டியும் உடையும்.

குழியிலயிருந்து மேல ஏத்துறது வாளி கோத்த முடிவில்லாத பெல்ட். அடியில ஒரு உருளை, கோபுரத் தலைக்குள்ள ஒரு உருளை. வாளி உச்சியில கவிழேக்க தானியம் சுழலும் குழாய்க்குள்ள விழும். அந்தக் குழாயைக் கீழ நிண்டபடியே ஒரு சக்கரத்தால திருப்பலாம். சக்கரத்தில குதிர் இலக்கம் போட்டிருக்கும், முள்ளு எந்த இலக்கத்தில நிக்குதோ அந்தக் குதிருக்குள்ள தானியம் போகும்.

ஆபத்தான இடமும் இதுதான். முள்ளு ஒரு இலக்கம் தள்ளி நிண்டால் நல்ல கோதுமைக்குள்ள ஆளிவிதை விழும், பிறகு அதைப் பிரிக்கிறது பெரிய வேலை. குதிர் நிறைஞ்சது தெரியாமல் ஏத்திக்கொண்டே இருந்தால் குழாய் பின்னுக்கு நிறைஞ்சு, தலை நிறைஞ்சு, தானியம் இறங்கு பக்கத்தால அடிக்கு வந்து வாளியை இறுக்கிப்போடும். பெல்ட் நிண்டுபோம், ஆனால் மேல் உருளை சுத்திக்கொண்டே இருக்கும். அந்த உராய்வில ரப்பர் சூடாகி, தூசு நிறைஞ்ச மரப்பெட்டிக்குள்ள நெருப்புப் பிடிக்கும். இடையில மின்சாரம் நிண்டாலும் கரைச்சல்தான். பாரமுள்ள பக்கம் பின்னோக்கி ஓடி அடியை அடைச்சுப்போடும். அதுக்காக உருளைத் தண்டில ஒரு பக்கம் மட்டும் சுத்தவிடுற பூட்டு போடுறது.

#4 சணல்பை

தெளிவாயிற்று, நன்றி. ஒன்று மட்டும் இடிக்கிறது. கீழே கொட்டி மேலே ஏற்றி மறுபடி கீழே விடுவதற்கு, தரையிலேயே குவித்து மண்வெட்டியால் அள்ளி ரயில் வேகனில் போட்டிருக்கலாமே?

#5 தண்டவாளம்

அப்படித்தான் முதலில் செய்தார்கள். பாதையோரத்தில் ஒற்றைத் தள மரக் கிடங்குகள் இருந்தன. மூட்டையாகச் சுமந்தோ மண்வெட்டியால் அள்ளியோ வேகனை நிரப்பினார்கள். ஒரு வேகன் நிறைய நாள் கணக்கில் ஆகும், அதுவரை அது பாதையை அடைத்துக்கொண்டு நிற்கும். ரயில் கம்பெனிக்கு இது கட்டுப்படியாகவில்லை.

தீர்வு ஏற்கெனவே கைவசம் இருந்தது. 1842-இல் பஃபலோ துறைமுகத்தில் ஜோசப் டார்ட் என்ற வணிகரும் ராபர்ட் டன்பர் என்ற பொறியாளரும் நீராவியில் ஓடும் வாளிப் பெல்ட்டை வைத்து முதல் எலிவேட்டரைக் கட்டினார்கள். மேற்குக் கனடாவில் முதலாவது, 1879-இல் மனிட்டோபாவின் நிவர்வில்லில் வில்லியம் ஹெஸ்பலர் கட்டியது. அது வட்ட வடிவம். எல்லோரும் படத்தில் பார்க்கும் சதுர வடிவம் 1881-இல் கிரெட்னாவில் ஓகில்வி மாவு கம்பெனி கட்டியதிலிருந்து தொடங்குகிறது.

அடுத்து கனடியன் பசிபிக் ரயில்வே ஒரு சலுகை அறிவித்தது. குறைந்தது 25,000 புஷல் கொள்ளளவு, நீராவி அல்லது பெட்ரோல் என்ஜின், சுத்தம் செய்யும் இயந்திரம், இவ்வளவும் வைத்து யார் எலிவேட்டர் கட்டுகிறார்களோ, அந்த நிலையத்தில் ஒற்றைத் தளக் கிடங்குகளுக்கு வேகன் கிடையாது. கட்டடங்கள் கடகடவென்று எழும்பின. கூடவே விவசாயியின் கழுத்தில் கயிறும் விழுந்தது. ஊரில் விற்க ஒரே வாசல் என்றால் எடை, கழிவு, தரம், விலை எல்லாமே அந்த வாசலில் நிற்பவன் சொன்னதுதான். சிலர் இதை "தொழில்நுட்ப முன்னேற்றம்" என்று மட்டும் எழுதுகிறார்கள். என் கணக்கில் இது முதலில் ஏகபோகம், பிறகுதான் தொழில்நுட்பம்.

புகார்கள் குவிந்து, அரச ஆணையம் விசாரித்து, 1900-இல் மனிட்டோபா தானியச் சட்டம் வந்தது. விவசாயி தானே வேகனில் ஏற்ற ஏற்றுமேடை கேட்கலாம் என்றது அது. அடுத்த ஆண்டே பெரும் விளைச்சல், வேகன் தட்டுப்பாடு. இருந்த வேகன்களும் எலிவேட்டர்களுக்கே போயின. 1901 டிசம்பரில் இந்தியன் ஹெட் ஊரில் விவசாயிகள் சங்கம் திரண்டது. சட்டம் திருத்தப்பட்டு, வேகன் கேட்பவர்கள் பெயர் ஒரு பதிவேட்டில் வரிசையாக ஏறும், அந்த வரிசைப்படிதான் வேகன் என்று ஆனது. 1902-இல் சிந்தலூட்டா நிலையத்தில் அந்த வரிசையை மீறிய ரயில்வே ஏஜென்ட் மீது வழக்கு. அபராதம் வெறும் 50 டாலர், ஆனால் மேல்முறையீட்டிலும் தீர்ப்பு நின்றது. அதன்பிறகு பதிவேட்டை யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

1911-இல் சஸ்காச்சுவானில் கூட்டுறவு எலிவேட்டர் கம்பெனி, 1923-24-இல் மூன்று மாகாணங்களிலும் கோதுமை பூல்கள், அதாவது விவசாயிகளின் கூட்டுறவு விற்பனை அமைப்புகள். ஒரே ஊரில் நாலைந்து எலிவேட்டர் வரிசையாக நிற்பது இந்தப் போட்டியால்தான், ஒரே முதலாளி விருத்தி செய்ததால் அல்ல. மனிட்டோபாவின் இங்லிஸ் ஊரில் அப்படி ஐந்து இன்னும் வரிசையாக நிற்கின்றன, தேசிய வரலாற்றுச் சின்னம்.

#6 பட்டறைத்தச்சன்

தண்டவாளம் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். என்ஜினை ஏன் கோபுரத்துக்குள் வைக்காமல் அலுவலக அறையோடு தனியாக ஒதுக்கினார்கள் என்று பலர் கேட்பதுண்டு. தீப்பொறி பயம்தான் காரணம். ஒற்றை சிலிண்டர் என்ஜின் அங்கே ஓடும், தண்டும் கயிறும் வழியாக விசை கோபுரத்துக்குள் வரும். ஊர்களுக்கு மின்சாரம் வந்தபின் மோட்டாரை நேரே தலையில் வைத்துவிட்டார்கள்.

#2-இல் சுவர் இறங்கும் என்றேனே, அதனால்தான் அடி உருளையில் இழுவைத் திருகு இருக்கும். கோபுரம் குள்ளமாகக் குள்ளமாக பெல்ட் தொய்யும், திருகி இறுக்க வேண்டும். தொய்ந்த பெல்ட் பெட்டியின் பக்கத்தில் உரசினால் வன்னிக்குருவி சொன்ன தீ இன்னொரு வழியில் வரும்.

இன்னொரு விஷயம் பக்கக் கொட்டகைகள். இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பியச் சந்தை அடைபட்டுக் கோதுமை தேங்கியபோது, அவசர அவசரமாக எலிவேட்டருக்குப் பக்கத்தில் துணைக் குதிர்கள் கட்டினார்கள். மரத்தை மிச்சம் பிடிக்க, செங்குத்துச் சட்டம் நட்டு, உறை அடித்து, எதிரெதிர்ச் சுவர்களை இரும்புக் கம்பியால் கட்டினார்கள். சணல்பை முதலில் கேட்டாரே, அதே முறைதான். கம்பியின் மரை துருப்பிடித்தால், அல்லது வட்டத் தகடு மரத்துக்குள் புதைந்தால், அந்த இடம் பிதுங்கும். இன்று நிற்பவற்றைப் பாருங்கள், அடுக்குக் கோபுரம் நேராக நிற்கும், பக்கத்தில் கொட்டகை வயிறு தள்ளியிருக்கும்.

#7 நெல்மணி

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். தீதான் முக்கியக் காரணம் என்று எனக்கும் தோன்றுகிறது. சஸ்காச்சுவானின் ஃபிளெமிங் ஊரில் 1895-இல் கட்டியது, கட்டிய இடத்திலேயே நின்றவற்றில் மிகப் பழையது, 2010 பிப்ரவரியில் எரிந்தே போயிற்றே?

#8 தண்டவாளம்

ஃபிளெமிங் எரிந்தது யாரோ வேண்டுமென்று வைத்த தீயில். அதற்கு முன் கிட்டத்தட்ட 115 ஆண்டுகள் அது பிரதான ரயில் பாதையோரம் நின்றிருக்கிறது, அதில் பல பத்தாண்டுகள் நீராவி என்ஜின் பொறி பறந்த காலம். தீயில் போனவை நிறைய உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எரிந்த இடத்தில் மறு வருடமே புதிதாகக் கட்டினார்கள். கட்டாமல் விட ஆரம்பித்தது எப்போது என்பதுதான் கேள்வி.

முதல் அடி வண்டி. எட்டு பத்து மைலுக்கு ஒரு நிலையம் என்பது, குதிரை வண்டி ஒரே நாளில் போய்த் திரும்பும் தூரத்தை வைத்துப் போட்ட கணக்கு. லாரியும் சரளைச் சாலையும் வந்ததும் அந்தக் கணக்கு செத்தது. பிறகு லாரி பெரிதானது. இரட்டை இழுவை லாரி ஒன்று 40 டன்னுக்கு மேல் சுமக்கும். பழைய எடைமேடை நீளம் போதாது, கதவு உயரம் போதாது, அந்தப் பாரத்தைக் குழி விழுங்க நேரமாகும், வரிசை சாலைவரை நிற்கும்.

இரண்டாவது வேகன். பழைய 40 அடி மூடு வேகன் சுமார் 2,000 புஷல் கொள்ளும். அதன் கதவிடுக்கை உள்ளிருந்து பலகையும் தடித்த காகிதமும் வைத்து அடைத்து, மேலே விட்ட இடைவெளி வழியாகக் குழாயை நுழைத்து, இரு முனைக்கும் தானியத்தைத் தள்ள வேண்டும். உள்சுவரில் கோதுமைக்கு இவ்வளவு, ஓட்ஸுக்கு இவ்வளவு என்று கோடு போட்டிருக்கும். அடைப்பு சரியில்லாவிட்டால் வழியெல்லாம் ஒழுகும். 1972 முதல் மத்திய அரசு வாங்கிய, மேலே திறந்து அடியில் கொட்டும் வேகன்கள் இந்த வேலையையே ஒழித்தன. ஆனால் அவை கனமானவை, கிளைப் பாதைகளின் மெலிந்த தண்டவாளமும் பழைய பாலங்களும் அவற்றின் முழுப் பாரத்தைத் தாங்கவில்லை.

மூன்றாவதுதான் உயிர்நாடி, அதாவது கட்டணம். மத்திய அரசும் கனடியன் பசிபிக் ரயில்வேயும் செய்துகொண்ட 1897-இன் குரோஸ் நெஸ்ட் ஒப்பந்தம் முதல் தானியக் கட்டணம் கட்டுப்பாட்டில் இருந்தது. கிளைப் பாதைகள் நட்டத்தில் ஓடின, அரசு மானியத்தில் பிழைத்தன. 1995 ஆகஸ்ட் 1-ஆம் தேதி அந்த மானியம் முடிந்தது. ரயில் கம்பெனிகள் 50, 100 வேகன்களை ஒரே இடத்தில் நிரப்பித் தருபவருக்குத் தள்ளுபடி தந்தன. ஏழெட்டு வேகன் மட்டும் நிற்கும் பக்கப்பாதை கொண்ட மர எலிவேட்டர் எப்படிப் போட்டி போடும்? கம்பெனிகள் பிரதான பாதையில் பெரிய காங்கிரீட் நிலையம் கட்டி, சுற்றியிருந்த பத்துப் பன்னிரண்டை மூடின. கிளைப் பாதை பெயர்க்கப்பட்டது. மரம் நன்றாகத்தான் இருந்தது, நெல்மணி. அதற்கு முன்னால் இருந்த தண்டவாளம்தான் போயிற்று.

#9 நெல்மணி

ஒப்புக்கொள்கிறேன். மூடியதை அப்படியே விடாமல் ஏன் உடனே இடித்தார்கள்? விவசாயிக்கே விற்றிருக்கலாமே.

#10 தண்டவாளம்

சிலவற்றை விற்றார்கள், இன்றும் சில விவசாயிகள் சொந்தக் கிடங்காக வைத்திருக்கிறார்கள். ஆனால் நின்றால் சொத்துவரி, உள்ளே ஏறி யாராவது விழுந்தால் பொறுப்பு, நிலம் பெரும்பாலும் ரயில் கம்பெனியின் குத்தகை. வாங்கியவர் நாளைக்குத் தானிய வணிகத்தில் இறங்கிவிடுவாரோ என்ற எண்ணமும் இருந்தது. நாலையும் கூட்டினால் இடிப்பதுதான் மலிவு.

#11 சணல்பை

நிற்பவற்றைக் காப்பாற்ற என்ன வரிசையில் வேலை செய்ய வேண்டும்? சாயம் அடிப்பதில்தான் எல்லோரும் தொடங்குகிறார்கள் போலிருக்கிறது.

#12 வன்னிக்குருவி

சாயம் கடைசி வேலை.

எல்லாத்துக்கும் முதல் உள்ளுக்கு நுழையிற பாதுகாப்பு. புறா எச்சம் அடி உயரத்துக்குக் கிடக்கும், காய்ஞ்ச எச்சத்தூசு நுரையீரல் நோய் தரும். தூசு வடிகட்டுற முகமூடி இல்லாமல் கூட்டக்கூடாது, கூட்ட முதல் தண்ணி தெளிக்கவேணும். குதிருக்குள்ள மிச்சத் தானியம் மேல கட்டிப்பட்டுத் தரை மாதிரித் தெரியும். கீழ வெறுமையா இருக்கலாம், கால் வைச்சால் ஆளை விழுங்கும். மேல போற ஒற்றை ஆள் தூக்கியையும் நம்பவேண்டாம். அது எதிர்ப்பாரத்தில ஓடுறது, பழைய ஏஜென்டின்ர எடைக்கு இரும்புக் கட்டி போட்டிருக்கும். எடை குறைஞ்ச ஆள் பூட்டை எடுத்தால் விர்ரெண்டு மேல போய் அடிபடுவார்.

ரெண்டாவது, மிச்சத் தானியத்தை முழுக்க வெளியில எடுக்கவேணும். ஈரம் பட்டால் அது ஊதிச் சுவரைத் தள்ளும், பிறகு புளிச்சு அடிப்பலகையை உக்கப்பண்ணும்.

மூண்டாவது கூரை. தலையில ஒரு ஓட்டை எண்டால் தண்ணி குதிர்ச்சுவர் வழியா அடிவரை ஓடும். படுக்கப்போட்ட பலகை எண்டபடியா ஒவ்வொரு இடுக்கும் தண்ணியைப் பிடிச்சு வைச்சிருக்கும், லேசில காயாது. வெளி உறைப்பலகை இதுக்குத்தான் இருக்கு, பாரம் தாங்க இல்லை. அதில ரெண்டு பலகை கழண்டிருந்தாலும் கூரையோட சேர்த்து அதையும் அடைக்கவேணும்.

நாலாவது குழி. வசந்தத்தில பனி உருகேக்க குழிக்குள்ள தண்ணி நிக்கும், அடிப்பலகையும் அத்திவாரமும் அங்கதான் பழுதாகும். சாய்தளத்தின்ர மண் சுவரில முட்டிக்கொண்டிருந்தால் வெட்டி எடுத்து, தண்ணி வெளியில ஓடச் சரிவு வைக்கவேணும். கோபுரம் சாயுதா எண்டு பார்க்க நாலு மூலையிலயும் தூக்குக்குண்டு விட்டு வருசாவருசம் அளந்து எழுதிவைச்சால் போதும்.

சாயத்துக்கு எந்த நிறம் எண்டு கேட்டு அடிபடுறவை முதல் கம்பெனியைப் பாருங்கோ. பயனியர் எண்டால் ஆரஞ்சும் மஞ்சளும், ஆல்பர்ட்டா பூல் எண்டால் நீலம் கலந்த பச்சை. கனகாலத்துக்கு முந்தினவை பலது காவிச் சிவப்பு. கைமாறின கட்டடத்தில நாலு படை சாயம் இருக்கும், சுரண்டிப் பார்த்தால் வரிசை தெரியும்.

#13 பட்டறைத்தச்சன்

காப்பாற்ற முடியாமல் இடிக்கிறார்கள் என்றால், மரம் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இடிப்பவர்கள் ஒரு பக்க அடிவரிசைகளை எக்ஸ்கவேட்டரால் கடித்து எடுத்துவிட்டு மறுபக்கமிருந்து தள்ளுவார்கள். சட்டம் நட்ட கட்டடமாக இருந்தால் நொறுங்கியிருக்கும். இது பெரும்பாலும் முழுப்பெட்டியாகவே சாய்ந்து படுக்கும், அதன்பிறகு பிரிப்பதுதான் பாடு. ஒவ்வொரு பலகையும் மேலும் கீழும் ஆணியால் தைக்கப்பட்டிருக்கும். நெம்பினால் பலகை பிளக்கும், ரம்பம் போட்டால் பல் போகும். இரும்பு கண்டுபிடிக்கும் கருவி இல்லாமல் இழைப்புப் பட்டறைக்குள் கொண்டுபோகாதீர்கள். விலை கிடைப்பது குதிரின் உள்முகத்துக்கு. பல பத்தாண்டு கோதுமை ஓடி மென்பகுதி அரிந்து, வைரம் பாய்ந்த வரிகள் மேடாக நிற்கும். அதை இழைத்துவிட்டால் சாதாரணப் பலகைதான், ஆணி ஓட்டைகளோடு.